நீர் புகுந்த பள்ளத்தாக்குகள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியின் குறுக்குத் தெரு ஒன்றில் எங்கள் வீடு உள்ளது. 1987ஆம் ஆண்டு கீழ்த்தளத்தைக் கட்டினோம். மகன் கல்லூரிப் படிப்பை முடித்த பிறகு, 2008இல், அவனுக்கென்று மாடியை எழுப்பினோம். மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலைத்தொடர் கண்ணுக்கு எட்டிய தூரம் நீண்டு கிடக்கும். மாடி வாசலுக்கு ஒரு பழைய வேப்பமரக் கதவு பொருத்தியிருக்கிறோம். எங்கள் பாட்டியாரின் வீட்டிலிருந்து வந்த கதவு அது. அதன் கதையைப் பிறகு சொல்கிறோம்.

மகன் அந்த மாடியில் தங்கிய நாட்களைக் கூட்டிப் பார்த்தால் நான்கு மாதம் தேறும். 2010இல் ஜெர்மனிக்குச் சென்றான். அன்று முதல் மாடி பூட்டியே கிடந்தது. வாரம் ஒருமுறை சன்னல்களைத் திறந்து, தூசி தட்டி, மறுபடியும் மூடுவோம். வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் பலர். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னோம்: "பையன் வந்துருவானுங்க."

இதை எழுதுவது நாங்கள் இருவரும். பேனா ஒருவரிடம் இருக்கிறது. அடித்துத் திருத்தும் உரிமை மற்றவரிடம் இருக்கிறது. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

2024இல் எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு வந்தது. மகன் ஹாம்பர்க் நகருக்கு எங்களை வரவழைத்து, அங்கிருந்து நார்வேயின் வடகரைக்குச் செல்லும் சுற்றுலாக் கப்பலில் மூவருக்கும் இடம் பதிவு செய்திருந்தான். ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்யும் பெரிய கப்பல். இவ்வளவு செலவு நமக்கு எதற்கு என்று எங்கள் மனம் உறுத்தியது. ஏற்காடு ஏரியில் படகு விட்டாலே போதும் என்று நினைக்கிற தலைமுறை நாங்கள். ஆயினும் பிள்ளை ஆசையோடு செய்ததைத் தட்ட மனம் வரவில்லை.

ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்த பின் இரவு என்பது இல்லாமற் போயிற்று. ஜூன் மாதம் அங்கே சூரியன் மறைவதில்லை. இரவு பத்து மணிக்குச் செபமாலை சொல்ல அமர்ந்தால், கப்பல் அறையின் திரைச்சீலை வழியே நண்பகல் போல் வெயில் வழிந்தது. மாலைச் செபத்திற்கு மாலையே வரவில்லை என்று சிரித்துக்கொண்டோம்.

அப்படியொரு வெயில் இரவில்தான் மகன் சொன்னான். சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்பா, அம்மா, நான் இங்கேயே குடியுரிமை வாங்கப் போறேன். ஊருக்கு வந்து போவேன். ஆனா திரும்பி வந்து இருக்க மாட்டேன். மாடியை எனக்காகப் பூட்டி வைக்காதீங்க. வாடகைக்கு விடுங்க, இல்லைன்னா வித்துடுங்க."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் தண்ணீர் குடித்தோம். மற்றவர் எழுந்து மேல்தளத்துக்குப் போனோம். மறுநாளும் அவனோடு பேசியது, "சாப்பிட்டியா", "குளிருதா" என்ற அளவில்தான். அவன் எங்களை ஏமாற்றிவிட்டதாக எங்களுக்குள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதில் வாதியும் நாங்களே, நீதிபதியும் நாங்களே.

மூன்றாம் நாள் கப்பல் லோஃபோட்டன் தீவுக்கூட்டத்தில், ஸ்வோல்வேர் என்ற சிறு துறைமுக ஊருக்கு வெளியே நங்கூரமிட்டது. அங்கிருந்து மூன்று மணி நேரப் படகுப் பயணம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் அமரக்கூடிய படகு. ஜூன் மாதமென்றாலும் காற்றில் ஊசி போன்ற குளிர். மகன் கொடுத்த கனத்த மேலங்கிகளுக்குள் புகுந்துகொண்டு, படகின் பின்பக்கப் பலகையில் நாங்கள் இருவரும் அமர்ந்தோம். அவன் முன்பக்கம் தனியே போய் நின்றான்.

துறையை விட்டுப் புறப்படும்போது கரையோரத்தில் வரிசை வரிசையாக மரச்சட்டங்கள் நின்றன. வெறுஞ்சட்டங்கள். குளிர்காலத்தில் பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிடுவதற்காக இங்கே கூட்டமாக வருகின்றனவாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மீன்பிடிப்பு. பிடித்த மீனை உப்பே இடாமல் இந்தச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். குளிர்காற்றே அதை மரக்கட்டை போல உலர்த்திவிடுகிறது. தூத்துக்குடிக் கருவாட்டை அறிந்த நமக்கு உப்பில்லாக் கருவாடு வியப்புத்தான். தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியை விலக்கிய இடைக்கால ஐரோப்பாவுக்கு இந்த மீன் பெர்கன் நகர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. நாம் ஒறுத்தல் என்று எண்ணுகிற நாளின் தட்டுக்குப் பின்னால், எங்கோ பனிக்கடலில் யாரோ ஒருவனின் விறைத்த விரல்கள் இருந்திருக்கின்றன. நார்வே பதினாறாம் நூற்றாண்டில் லூத்தரன் சபையைத் தழுவியது. ஆனால் மீன் இன்றும் இத்தாலிக்குப் போகிறது.

ராஃப்ட்சுண்ட் என்ற குறுகிய நீர்வழியில் படகு திரும்பியது. இரு புறமும் மலைகள். உச்சியில் ஆங்காங்கே கரையாத பனி. சரிவுகளில் வெள்ளை நூல் போல அருவிகள். வெண்மையான வாலுடைய பெரிய கடற்கழுகு ஒன்று எங்களோடு சிறிது தூரம் வந்து, நீரைத் தொட்டு, மீனோடு மேலெழும்பிப் போயிற்று. சற்று நேரத்தில் இடப்பக்கப் பாறைச் சுவரில் ஒரு பிளவு தெரிந்தது. அருகே போகும் வரை அது வழி என்றே தோன்றவில்லை. அதுதான் ட்ரோல் ஃபியோர்டு. வாயிலில் அகலம் நூறு மீட்டர் அளவுதான். நீளம் இரண்டு கிலோமீட்டர். சுற்றிலும் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் சிகரங்கள்.

உள்ளே சென்றதும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். அருவிகளின் இரைச்சல் மட்டுமே கேட்டது. வழிகாட்டியாக வந்த இளம்பெண் ஒலிபெருக்கி இல்லாமலே பேசினாள். 1890ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இந்த இடுக்கு முழுவதும் மீன் நிறைந்திருந்ததாம். நீராவிக் கப்பல்காரர்கள் வாயிலை வலையால் அடைத்து, மீனைத் தமக்கென்று வளைத்துக்கொண்டார்கள். துடுப்புப் படகுகளில் வந்த ஏழை மீனவர்கள் அவர்களை எதிர்த்துப் போராடி உள்ளே நுழைந்தார்கள். சில ஆண்டுகளில் சிறு மீனவரைக் காக்கச் சட்டமும் வந்தது. விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் இடையே நம் கரைகளில் நடந்த சண்டைகளையும், 1983இல் தமிழ்நாட்டில் வந்த கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தையும் அறிந்தவர்களுக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது.

பிறகு அவள் சொன்ன ஒரு விவரம்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது. ஃபியோர்டு என்பது கடலின் கை அல்ல. அது ஒரு பள்ளத்தாக்கு. பல்லாயிரம் ஆண்டுகள் பனியாறு ஒன்று மலையைக் குடைந்து, கடல்மட்டத்துக்கும் கீழே பள்ளம் பறித்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியூழி முடிந்து பனியாறு உருகி விலகிய இடத்தில் கடல் புகுந்தது. நார்வேயின் தெற்கிலுள்ள சோன்ய ஃபியோர்டு இவ்வாறே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தூரம் நாட்டுக்குள் நுழைந்திருக்கிறது. அதன் ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். "நாம் இப்போது ஒரு மூழ்கிய பள்ளத்தாக்கின் மீது மிதந்துகொண்டிருக்கிறோம்" என்றாள் அவள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் நினைவில் வந்தது பண்ணவாடி.

மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. காவிரி தேங்கியபோது பள்ளத்தாக்கிலிருந்த ஊர்கள் நீருக்கடியில் போயின. எங்கள் பாட்டியார் அப்படிப் போன ஊர் ஒன்றில் பிறந்தவர். ஊரைக் காலி செய்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. கொளத்தூர்ப் பக்கம் மேட்டு நிலத்தில் புதுக் குடிசை போட்டார்கள். பழைய வீட்டின் வேப்பமரக் கதவைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார்கள். "வீட்டை விட்டுட்டு வந்தோம், கதவைத் தூக்கிட்டு வந்தோம்" என்று பாட்டியார் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தக் கதவுதான் இன்று எங்கள் மாடி வாசலில் இருக்கிறது.

அணையில் நீர்மட்டம் எண்பது அடியை ஒட்டிக் கீழிறங்கும்போது, பண்ணவாடியில் நீருக்குள்ளிருந்து பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் வெளியே தெரியத் தொடங்கும். இன்னும் இறங்கினால் சலகண்டேசுவரர் கோயிலின் பெரிய நந்தியும் தெரியும். பயணத்துக்கு முந்திய மாதம், 2024 மே மாதத்தில், நீர்மட்டம் ஐம்பது அடி அளவுக்கு இறங்கியிருந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம். கோபுரம் வறண்ட சேற்று வெடிப்புகளுக்கு நடுவே முழுதாக நின்றது. ஆடுகள் அதன் நிழலில் படுத்திருந்தன. பாட்டியார் சிறுமியாக அண்ணாந்து பார்த்த கோபுரம் என்று நினைத்தபோது எங்களுக்கு அழுகை வந்தது. ஆனால் பாட்டியார் அழுது நாங்கள் பார்த்ததில்லை. கோபுரம் வெளியே தெரிகிறது என்று யாராவது சொன்னால், "அப்படியா, மழை இல்லைன்னு அர்த்தம்" என்பார், அவ்வளவுதான். அவருக்கு அந்தக் கோபுரம் மூழ்கியிருப்பதே நல்ல செய்தி. கீழே தஞ்சைக்குத் தண்ணீர் உண்டு என்று பொருள்.

இப்படி எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது, முன்பலகையிலிருந்த ஓர் அம்மையார் திரும்பினார். "நீங்கள் தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்தவர். மகளோடு ஆஸ்லோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். சேலத்திலிருந்து கொண்டுபோன தட்டுவடையைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினோம். பனிமலைக்கு நடுவே தட்டுவடையைக் கடித்துக்கொண்டே அவர் தம் கதையைச் சொன்னார்.

வலிகாமம் வடக்கில், மயிலிட்டிக் கடற்கரையை ஒட்டி அவர் வீடு. 1990 ஜூன் மாதம் போர் காரணமாக எல்லாரும் ஊரை விட்டு வெளியேறினார்கள். பின்னர் அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கணவரோடு நார்வே வந்து, வடகோடியிலுள்ள ஃபின்மார்க் மாகாணத்தில் மீன் பதனிடும் ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். எண்பதுகளிலிருந்தே ஈழத்தமிழர் பலர் அந்தக் கடலோர ஊர்களின் மீன் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனைக் காண முடியாத ஊர்கள் அவை. "விடியக் காலமை இருட்டில போறது, பின்னேரம் இருட்டில வாறது" என்றார்.

எங்கள் ஊர்க் கோபுரத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். "உங்கட பாட்டியின்ர வீடு தண்ணிக்குள்ள போயிட்டுது. எங்கட வீடு தரையிலதான் நிண்டது. போகத்தான் விடேல்லை. இருபத்தேழு வருசம்." 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட பின் போய்ப் பார்த்தாராம். கூரை இல்லை, கூடத்தின் நடுவே ஒரு வேம்பு வளர்ந்து நின்றது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. கிணற்றைத் துப்புரவாக்கித் தண்ணீர் குடித்தார். நிலத்தைத் தம்பியின் மகனுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "அவன் அங்க இருக்கிறவன். அவனுக்குத்தானே வீடு வேணும்" என்றார், கடையில் சில்லறை எண்ணிக் கொடுப்பவர் போல.

எங்களில் பேச்சு அதிகமுள்ளவர் அதன் பிறகு மாடியைப் பற்றியும் மகனைப் பற்றியும் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டோம். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. படகின் முன்புறத்தைக் காட்டி, "அக்கா, பிள்ளை தனிய நிக்குது. போய்க் கதையுங்கோ" என்றார். எங்கள் பக்கம் 'கதை விடுவது' என்றால் பொய் சொல்வது. கதைப்பது என்றால் பேசுவது என்று அன்றுதான் காதால் கேட்டோம்.

அந்த நேரத்தில் வாயிலின் வழியே கரையோரப் பயணக் கப்பல் ஒன்று உள்ளே நுழைந்தது. 1893 முதல் நார்வேயின் கரை நெடுகிலும் ஓடும் கப்பல் வரிசையில் ஒன்று. இருபுறமும் பாறை இடித்துவிடுமோ என்று தோன்றிற்று. இடுக்கின் கடைக்கோடிக்கு வந்ததும், நின்ற இடத்திலேயே மெல்ல மெல்ல ஒரு முழு வட்டத்தின் பாதியைத் திரும்பி, வந்த வழியே முகம் காட்டி நின்றது. படகில் எல்லாரும் கைதட்டினார்கள். மகன் எங்களைத் தேடித் திரும்பிப் பார்த்தான். சிறு வயதில் சேலம் சந்திப்பில் ரயில் இன்ஜின் திரும்புவதைப் பார்க்கும்போது இப்படித்தான் எங்களைத் திரும்பிப் பார்ப்பான். நாங்கள் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் போனோம்.

நீண்ட உரையாடல் ஒன்றும் நடக்கவில்லை. "மாடியை வாடகைக்கு விட்டுடறோம்ப்பா" என்றோம். அவன் "சரிங்கப்பா" என்றான். கொஞ்சம் கழித்து, "அந்தக் கதவை மட்டும் வித்துடாதீங்க" என்றான். கதவின் கதை அவனுக்கு நினைவிருக்கிறது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். பதினான்கு ஆண்டுகளாக நாங்கள் அவனுக்காகக் காத்தது சுவர்களை. அவன் தன்னோடு எடுத்துச் சென்றது பாட்டியாரின் கதையை. எது பெரியது என்று நாங்கள் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

மனத்தில் வலி நீங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். திரும்பி வரும்போது படகின் சன்னலோரத்தில் எங்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். முதுமையில் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை தவறானதன்று. அந்த ஆசையை அவன் தோளில் கடனாக ஏற்றியதுதான் தவறு. நாம் கட்டுகிற வீடு பிள்ளைகளுக்கு என்கிறோம்; பிள்ளைகளை அந்த வீட்டுக்கு என்று ஆக்கிவிடுகிறோம். ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெருவிலேயே பூட்டிய மாடிகள் இன்னும் சில இருக்கின்றன. சாவிக்கொத்தோடு காத்திருக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. அவர்களோடு அமர்ந்து ஒரு காப்பி குடிக்கத்தான் தகுதி உண்டு.

நாங்கள் ஊர் திரும்பியபோது மேட்டூருக்கு நீர் வந்துகொண்டிருந்தது. ஜூன் 12ஆம் நாள் வழக்கம்போல அணை திறக்க முடியாதிருந்த அந்த ஆண்டில், கர்நாடகத்தில் பெய்த மழையால் ஜூலை 30ஆம் நாள் நீர்மட்டம் 120 அடியை எட்டி அணை நிரம்பியது. ஆகஸ்டு மாதம் மறுபடியும் பண்ணவாடிக்குச் சென்றோம். மே மாதம் ஆடுகள் படுத்திருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அக்கரை நாகமரைக்குச் செல்லும் படகில் ஏறினோம். ஓரிடத்தில் படகுக்காரர் கையை நீட்டி, "கோபுரம் இந்தப் பக்கம் அடியில இருக்குதுங்க" என்றார். எட்டிப் பார்த்தோம். பழுப்பு நீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை எங்களுக்கு அழுகை வரவில்லை. "நல்ல மழை" என்று எங்களில் ஒருவர் சொன்னோம். பாட்டியார் சொல்லியிருப்பதும் அதுதான்.

செப்டம்பரில் மாடிக்கு ஓர் இளங்குடும்பம் வந்தது. அந்தப் பெண் மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வருவார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது. வேப்பமரக் கதவின் கீல் பழையது; திறந்தாலும் மூடினாலும் முனகும். எண்ணெய் போட்டுத் தரட்டுமா என்று கேட்டோம். "வேண்டாங்கம்மா, அந்தச் சத்தம் கேட்டாத்தான் பாப்பா நான் வந்துட்டேன்னு எழுந்து ஓடி வருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் தொலைபேசியில் அழைக்கும்போது, பேச்சினிடையே மேலே அந்தக் கதவு முனகும். அவன் பேச்சை நிறுத்திக் கேட்பான். நாங்களும் கேட்போம்.